மூளை ‘ஒளிர்ந்த’ செய்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகத்தில் நடந்த மூளை ஆய்வுரை பற்றிய தங்கள் செய்தியில், “பாடத்தைக் கவனிக்கும்போது மாணவர்களின் மூளை ஒளிர்வதைப் பேராசிரியர் திரையில் காட்டினார்” என்று ஒரு வரி. எதுவும் ஒளிரவில்லை, ஐயா. அந்தப் படங்களை எடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் கருவி நியூரான்களை, அதாவது மூளையின் நரம்பணுக்களை, நேரடியாகப் பார்ப்பதே இல்லை. அவை வேலை செய்த இடத்துக்கு வரும் ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதைத்தான் அளக்கிறது. அதனால் கருவியின் சிக்னலில் வரும் மாற்றம் ஓரிரு சதவீதம். உச்சத்தைத் தொட ஐந்தாறு விநாடி ஆகும். படத்தின் 3 மி.மீ. கட்டம் ஒன்றுக்குள் பல லட்சம் நியூரான்கள். தெருவுக்கே ஒரு மின்மீட்டர் வைத்துவிட்டு, எந்த வீட்டில் மிக்ஸி ஓடியது என்று சொல்கிற கதைதான்.

திரையில் தெரிந்த சிவப்பும் மஞ்சளும் கணக்குப் போட்ட பிறகு பூசியவை. பாடம் கேட்பது, சும்மா இருப்பது போன்ற இரண்டு நிலைகளுக்கு இடையிலான வித்தியாசம் ஒரு வரம்பைத் தாண்டிய இடங்களில் மட்டும் நிறம் வரும். வரம்பைத் தளர்த்தினால் பரவும், இறுக்கினால் மறையும். எதை எதோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை மாணவர்கள்? செய்தியில் இல்லை. குத்துவிளக்கு ஏற்றியவர்கள், சால்வை போர்த்தியவர், நன்றி கூறியவர் ஆகியோர் பெயர்கள் மட்டும் பிசகின்றி வந்திருக்கின்றன.

2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனருக்குள் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். அதன் மூளையிலும் சில புள்ளிகள் ‘ஒளிர்ந்தன’. ஒரு லட்சம் கட்டங்களைத் தனித்தனியே 0.05 வரம்பில், அதாவது நூற்றில் ஐந்து தற்செயலை அனுமதித்து, சோதித்தால் தற்செயலாகவே 5,000 தேறிவிடும். அதற்கென்று திருத்தக் கணக்கு இருக்கிறது. அதைப் போட்டதும் மீன் மறுபடி செத்துப்போனது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசை 2012-இல் வாங்கிய ஆய்வு. தாங்கள் அறியாததா?

இது புதிதும் அல்ல. மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்று தங்கள் சிறுவர் இணைப்பு ஆண்டுதோறும் எழுதுகிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள உறுப்பு, ஓய்வில் இருக்கும்போதே உடலின் சக்தியில் 20 சதவீதத்தைத் தின்கிறது, சும்மா கிடப்பதற்கா? கர்ப்பிணிகள் மொஸார்ட்டின் இசையைக் கேட்டால் அறிவுக் குழந்தை பிறக்கும் என்றது மகளிர் பக்கம். இந்தப் பேச்சுக்கு மூலமான 1993 ஆய்வில் இருந்தவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். பலன் தெரிந்தது 10, 15 நிமிடம். நடுமூளையைத் தூண்டிக் கண்ணைக் கட்டிப் படிக்க வைக்கும் வகுப்புகளுக்கோ முழுப்பக்க விளம்பரம். மூக்கோரத்து இடைவெளிதான் அங்கே சூட்சுமம். புத்தகத்தை நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள், படிப்பு நின்றுவிடும்.

நிருபர் கேள்வி நேரம் வரை உட்காருவதும் இல்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது. தலை ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் அளவீடு கெடலாம். குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகம் அசைவார்கள். ஆகவே சிறுவர் மூளை வேறு, பெரியவர் மூளை வேறு என்று காட்டும் படம் வெறும் தலையசைவாகவும் இருக்கலாம். அசைவை எப்படிக் கழித்தீர்கள் என்று யாராவது கேட்டிருப்பார்கள். பதில் அச்சேறாது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இத்தகைய செய்திகளில் எத்தனை பேர், எதோடு ஒப்பீடு, ஆய்விதழில் வெளியானதா என்று ஒரே ஒரு வரி சேருங்கள். ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் உரையின் நேரத்தையும் அரங்கின் பெயரையும் நிகழ்ச்சி முடிந்த மறுநாள் போடாமல், முன்னதாகவே போட்டால் உதவியாக இருக்கும்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி