கூலி கல்லூரிக்கு, அடி பையனுக்கு: பிக் டென், எஸ்.இ.சி. இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் இரண்டு பெரிய கூட்டமைப்புகளான பிக் டென், எஸ்.இ.சி. பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறை இயக்குநர்களுக்கு,

வணக்கம். தமிழில் எழுதுவதால் இது நேராக உங்கள் கைக்கு வந்து சேராது என்று தெரியும். பரவாயில்லை. சனிக்கிழமைகளில் உங்கள் அரங்கங்களில் தொண்டை கிழியக் கத்துகிற கூட்டத்தில் நம் ஆட்களும் உண்டு. சீசன் டிக்கெட் வைத்திருக்கும் யாராவது ஒருவர் படித்துவிட்டு உங்கள் காதில் போட்டால் போதும்.

நான் ஒஹாயோவில் வசிப்பவன். என் மகள் இங்கே ஒரு சின்ன அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தாள், பேண்டு குழுவில் கிளாரினெட் வாசித்தாள். அமெரிக்கன் ஃபுட்பால் எனக்கு அறிமுகமானது அப்படித்தான். விதிகள் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை (ஹோல்டிங் என்று எதற்குக் கொடி வீசுகிறார்கள் என்பது நடுவருக்காவது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்). ஆனால் ஒரு விஷயம் முதல் வருடமே புரிந்தது. செப்டம்பர் வந்தால் எங்கள் பையன்களைக் கூலிக்கு அனுப்புகிறார்கள்.

கேரண்டி கேம் என்று நீங்கள் கௌரவமாகச் சொல்வீர்கள். ரசிகர்கள் கப்கேக் என்பார்கள், சுலபமாக விழுங்கலாம் என்பதால். இன்னும் கொஞ்சம் வாய் நீண்டவர்கள் பாடி பேக் கேம் என்பார்கள், அதாவது பிணத்தைப் பையில் போட்டு அனுப்பும் ஆட்டம். பெயர் எதுவானாலும் ஏற்பாடு ஒன்றுதான். நீங்கள் பணம் கொடுப்பீர்கள், நாங்கள் உங்கள் ஊருக்கு வந்து தோற்றுவிட்டுப் போவோம். நீங்கள் எங்கள் ஊருக்கு வரமாட்டீர்கள்.

உங்கள் கணக்கும் எனக்குப் புரியாமல் இல்லை. 2006 முதல் வழக்கமான சீசனுக்குப் பன்னிரண்டு ஆட்டம். கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள், அதாவது சொந்தக் கூட்டமைப்புக்குள் ஆடுபவை, எட்டோ ஒன்பதோ போக, மிச்சம் மூன்று நான்கு. உங்களுக்குச் சமமான அணியைக் கூப்பிட்டால் அடுத்த முறை நீங்கள் அங்கே போக வேண்டும். உள்ளூர் ஆட்டம் ஒன்று போனால் டிக்கெட், பார்க்கிங், தீனி என்று பல லட்சம் டாலர் கையைவிட்டுப் போகும். அதைவிட ஒரு சின்ன அணிக்கு 10, 15 லட்சம் கொடுத்து வரவழைப்பது லாபம். வெற்றியும் கணக்கில் ஏறும். எங்கள் பக்கம், அந்தக் காசோலையை நம்பித்தான் நீச்சல் அணியும் வாலிபால் அணியும் பஸ் ஏறுகின்றன. ஆகவே இந்த ஆட்டங்களை நிறுத்துங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை.

நிறுத்தினால் எனக்குத்தான் வருத்தம். 2007இல் மிச்சிகன் 4 லட்சம் டாலர் கொடுத்து அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற சின்ன அணியைத் தன் ஊரான ஆன் ஆர்பருக்கு அழைத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்திருக்க, நாட்டில் ஐந்தாம் இடத்திலிருந்த மிச்சிகன் 34-32 என்று தோற்றது. கடைசி நொடிகளில் மிச்சிகன் உதைத்த பந்தை அப்பலாச்சியன்காரர் ஒருவர் தடுத்துப் பறித்துக்கொண்டு ஓடிய காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்பேனோ. அப்புறம் 2022 செப்டம்பர் 10. அந்த ஒரே நாளில் அதே அப்பலாச்சியன் ஸ்டேட் 15 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு போய் டெக்சஸ் ஏ அண்ட் எம்மை 17-14 என்று கவிழ்த்தது. மார்ஷல் பன்னிரண்டரை லட்சம் வாங்கிக்கொண்டு நோட்டர் டேமை 26-21. ஜார்ஜியா சதர்ன் 14 லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு நெப்ராஸ்காவை 45-42. மறுநாளே நெப்ராஸ்கா தன் பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்டை வீட்டுக்கு அனுப்பியது. ஒப்பந்தத்தை முறித்ததற்காக அவருக்குத் தரவேண்டிய தொகை ஒன்றரைக் கோடி டாலர். மூன்று வாரம் பொறுத்திருந்தால் அது பாதியாகியிருக்கும், பொறுக்க முடியவில்லை. அந்த ஒன்றரைக் கோடி, விருந்தாளி அணிக்குக் கொடுத்ததைப் போல பத்து மடங்கு. உங்களிடம் பணத்துக்குப் பஞ்சம் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

ஆனால் இந்த நாட்கள் அபூர்வம். மற்ற சனிக்கிழமைகள் வேறு மாதிரி. 2012இல் சவானா ஸ்டேட் அடுத்தடுத்த வாரங்களில் ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் 84-0, ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 55-0. இரண்டாவது ஆட்டத்தை மூன்றாம் கால்பகுதியிலேயே மின்னல் வந்து நிறுத்தியது. அன்று இயற்கைக்கு இருந்த இரக்கம் அட்டவணை போட்டவர்களுக்கு இல்லை. இரண்டு தோல்விக்கும் சேர்த்து 8,60,000 டாலர். எங்கள் மாநிலத்துக் கென்ட் ஸ்டேட் 2024 செப்டம்பரில் டென்னசியிடம் 71-0, அடுத்த வாரமே பென் ஸ்டேட்டிடம் 56-0. டென்னசி ஆட்டத்தில் பாதி நேரத்திலேயே 65-0. அந்த சீசனில் கென்ட் ஸ்டேட் பன்னிரண்டு ஆட்டத்தில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை.

இப்படி ஓர் ஆட்டத்துக்கு நானும் போனேன், எந்த அரங்கம் என்று சொல்லவில்லை. மகள் பேண்டோடு வந்திருந்தாள். இரண்டாம் பாதியில் உள்ளூர்க்காரர்கள் பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள். ஆட்டத்தில் உயிரே இல்லாத அந்த நேரத்தில் எங்கள் பையன் ஒருவன் கீழே விழுந்தான், எழவில்லை. சின்ன வண்டி ஒன்று உள்ளே வந்தது. கூட்டம் மரியாதையாகக் கை தட்டியது. இரவு காரில் வரும்போது மகள் சொன்னாள்: "அப்பா, அவன் என் புள்ளியியல் கிளாஸில் முன் வரிசையில் உட்காருவான்." அவனுக்கு முழங்கால். அந்த சீசன் அவனுக்கு அத்தோடு முடிந்தது.

முழங்காலோடு போனால் அதிர்ஷ்டம். 2015 செப்டம்பர் 26 அன்று சதர்ன் பல்கலைக்கழகம் 6,50,000 டாலருக்கு ஜார்ஜியாவில் ஆடப் போனது. பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடரும் கிக்காஃப் ஒன்றில் மோதி, சதர்ன் வீரர் ஒருவருக்கு முதுகுத்தண்டு முறிந்தது. அவர் இன்றும் சக்கர நாற்காலியில்தான். ஜார்ஜியா அவரைக் கைவிடவில்லை. பல்கலைக்கழகமும் ரசிகர்களும் நிதி திரட்டி, சக்கர நாற்காலி புழங்கும்படி ஒரு வீடு கிடைக்க உதவினார்கள். அந்த நல்ல மனசை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நல்ல மனசு இல்லாத ஊரில் இது நடந்திருந்தால்?

கூலிக்கு மாரடிப்பது என்று தமிழில் ஒரு சொல் உண்டு. அங்கேகூட மாரில் அடித்துக்கொண்டவர் கைக்குத்தான் கூலி போகும். உங்கள் ஏற்பாட்டில் அடி ஒருவனுக்கு, கூலி வேறொருவருக்கு. அவனுக்குத்தான் உதவித்தொகை இருக்கிறதே என்பீர்கள். சரி, உங்கள் வீரர்களுக்கும்தான் அது இருந்தது. ஆனாலும் 2025 ஜூனில் வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் உடன்படிக்கையை நீதிமன்றம் ஏற்ற பிறகு, அதில் சேர்ந்த ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் வருடத்தில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகத் தரலாம் என்றானது. நீங்கள் தருகிறீர்கள், நல்லது. அதே வழக்கில் பழைய வீரர்களுக்குத் தரவேண்டிய சுமார் 280 கோடி டாலரில் ஒரு பகுதியை, பத்து வருடத்துக்கு, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.விடமிருந்து சின்னக் கல்லூரிகளுக்கு வரவேண்டிய பங்கிலிருந்தும் பிடித்துக்கொள்கிறார்கள். அதில் பெரும்பங்கு போவது உங்கள் ஃபுட்பால், பாஸ்கெட்பால் வீரர்களுக்கு. ஒரே மைதானம், ஒரே மோதல். ஒருவனுக்குச் சம்பளம், எதிரே நிற்பவனுக்கு பஸ்ஸில் ஒரு சாண்ட்விச்.

நான் கேட்பது இரண்டு வரி. அடுத்த கேரண்டி ஒப்பந்தத்தில் அவற்றைச் சேருங்கள்.

முதல் வரி: தொகையில் பத்தில் ஒரு பங்கு அன்றைக்குப் பயணம் வந்த வீரர்களுக்கு. 15 லட்சத்தில் ஒன்றரை லட்சம். எழுபது பேர் என்று வைத்தால் ஆளுக்கு 2,100 டாலர் சொச்சம். உடன்படிக்கையில் சேர்ந்த கல்லூரி இதைத் தாராளமாகக் கொடுக்கலாம். சேராத கல்லூரியாக இருந்தால், சேர அதற்கு ஒரு காரணம் கிடைக்கும். பத்து சதவீதத்தை எங்கள் கல்லூரியின் பங்கிலிருந்து எடுக்காமல், நீங்கள் மேலே போட்டுத் தர வேண்டும். நீச்சல் அணிக்காரப் பெண்ணின் பஸ் காசில் கை வைக்காதீர்கள்.

இரண்டாவது வரி: உங்கள் மைதானத்தில் பட்ட காயத்தின் செலவு உங்களுடையது. இப்போதைய என்.சி.ஏ.ஏ. விதிப்படி, படிப்பு முடிந்த பிறகும் இரண்டு வருடம் அந்தச் செலவைப் பார்க்க வேண்டியது வீரனின் சொந்தக் கல்லூரி. முப்பத்தைந்து வயதில் முழங்கால் மறுபடி மக்கர் பண்ணினால் அவன் யாரிடம் போவான்?

பிக் டென் ஏற்கெனவே ஒன்பது கான்ஃபரன்ஸ் ஆட்டம் ஆடுகிறது, எஸ்.இ.சி.யும் 2026 முதல் ஒன்பதுக்கு மாறுகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு இடம் இன்னும் சுருங்கும். இடத்துக்குப் போட்டி வந்தால் எங்கள் கல்லூரிகள் எந்த நிபந்தனைக்கும் தலையாட்டும், இந்த இரண்டு வரியைக் கேட்கும் துணிச்சல் அவர்களுக்கு வராது. அதனால்தான் அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒஹாயோவிலிருந்து,
ஒரு கிளாரினெட்காரியின் அப்பா