உங்கள் நாயகனை எங்களிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்ளாதீர்கள்

காவிய ஃபேன்டஸி நாவல்கள் எழுதுகிற எல்லோருக்கும்,

வணக்கம். நான் எழுதுகிறவள் இல்லை, படிக்கிறவள். ஆயிரம் பக்கம் என்றாலும் அசராமல் உட்காருவேன், முன்பக்க வரைபடத்தையும் பின்பக்க வம்சாவளியையும்கூட விடமாட்டேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். முதல் பாகத்தில் ஒரு சாதாரண ஆளை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, மூன்றாம் பாகத்தில் அவனைத் திருப்பி வாங்கிக்கொள்ளாதீர்கள்.

எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். சமீபத்தில் மூன்று பாக நாவல் ஒன்றை முடித்தேன், பெயர் வேண்டாம். குதிரை லாயத்தில் வேலை செய்கிற பையன் ஒருவன். வாளைத் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும், இருட்டென்றால் பயம், பொய் சொன்னால் காது சிவந்துவிடும். எண்ணூறு பக்கம் அவன்கூடவே நடந்தேன். அப்புறம் ஒரு கிழவர் வந்து, நீதான் தொலைந்துபோன இளவரசன், உன் உடம்பில் ஓடுவது டிராகன் ரத்தம் என்கிறார். அதற்கப்புறம் அவனுக்கு மணிக்கட்டு வலிக்கவே இல்லை. கடைசிப் போரில் ஜெயிக்கிறான், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஜெயித்தது அந்த ரத்தம்தானே, என் பையன் எங்கே போனான் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அரச வம்சமே கூடாது என்று சொல்லவில்லை. ராபின் ஹாப் 1995இல் எழுதிய ‘அசாசின்ஸ் அப்ரன்டிஸ்’ நாவலின் ஃபிட்ஸ் அரசனின் பேரன்தான். ஆனால் முறைதவறிப் பிறந்தவன் என்ற பெயரோடு ஆறு வயதில் கொண்டுவந்து ஒப்படைக்கப்படுகிறான், லாயத்தைப் பார்த்துக்கொள்கிறவர் வளர்க்கிறார், அந்த ரத்தம் அவனுக்குக் கொடுத்ததைவிட அவனிடமிருந்து பிடுங்கியதுதான் அதிகம். அதனால்தான் அவன் கடைசிவரை நம்மவனாகவே இருக்கிறான்.

மற்ற நாவல்களைவிட உங்கள் நாவல்களில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அங்கே எங்களுக்கு எதுவுமே தெரியாது. நிலம் தெரியாது, தெய்வங்கள் தெரியாது, மந்திரத்துக்கு என்ன விதி என்று தெரியாது. கோட்டைச் சுவர் எவ்வளவு உயரம் என்று அடிக்கணக்கில் சொன்னால் மனதில் நிற்பதில்லை, ஏறி முடித்தவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான் என்றால் நிற்கிறது. டிராகன் எவ்வளவு பெரியது என்பதை அவன் தொண்டை வறண்டுபோவதை வைத்துத்தான் நாங்கள் அளக்கிறோம். ‘பொன்னியின் செல்வன்’ சரித்திர நாவல்தான், ஆனால் கல்கிக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. தலைப்பு இளவரசனுடையது, நாம் போவதோ அவசரப்பட்டு வம்பில் மாட்டிக்கொள்கிற வந்தியத்தேவனின் குதிரையில்.

டோல்கீனின் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வந்தது. அதில் மறைந்து திரியும் அரசனும் உண்டு, ஆனால் நெருப்பில் போட்டு அழிக்க வேண்டிய அந்தத் தீய மோதிரத்தைச் சுமந்துபோகிறவர்கள் ஃப்ரோடோவும் அவன் தோட்டக்காரன் சாமும்தான். எதிரியின் நாடான மோர்டோருக்குள் இனி ஒரு அடிகூட எடுத்துவைக்க முடியாது என்ற நிலையில் சுமையைக் குறைப்பதற்காக எல்லாவற்றையும் எறிகிறார்கள். சாம் அவ்வளவு தூரம் முதுகில் சுமந்துவந்த சமையல் பாத்திரங்களைத் தரையில் இருந்த ஒரு பிளவில் போடுகிறான். அவை கடகடவென்று உருண்டு விழுகிற சத்தம் அவன் நெஞ்சைப் பிசைகிறது. இனி ஒரு வேளைச் சாப்பாடு சமைக்கப் போவதில்லை, திரும்பிப் போகப் போவதும் இல்லை என்பதை அந்தச் சத்தம்தான் சொல்கிறது. அப்பா போன பிறகு அவருடைய அலமாரியைக் காலி செய்தபோது, யாருக்கும் உதவாத ஒரு பழைய மூக்குக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அப்போது எனக்கு ஞாபகம் வந்தது சாமின் பாத்திரங்கள்தான்.

ஃப்ரோடோ? கடைசி நொடியில் தோற்கிறான். நெருப்பின் விளிம்புவரை போய்விட்டு, மோதிரம் என்னுடையது என்கிறான். கொல்லும் வாய்ப்பு கிடைத்தும் முன்பு அவன் இரக்கப்பட்டு விட்டுவைத்த, அந்த மோதிரத்துக்காக ஏங்கித் திரியும் கொல்லம் என்ற பிராணி, அவன் விரலைக் கடித்துப் பறித்து, மோதிரத்தோடு உள்ளே விழுகிறான். ஊர் திரும்பிய பிறகும், பயணத்தின் தொடக்கத்தில் கத்திக்காயம் பட்ட தேதி, அக்டோபர் 6, வரும்போது ஃப்ரோடோவுக்கு உடம்பு படுத்துகிறது. முதல் உலகப்போரில் 1916இல் சோம் போர்முனையில் இருந்தவர் டோல்கீன். ஒருவனால் எதுவரை தாங்க முடியும் என்று நேரில் பார்த்தவர், தன் நாயகனை உடையவிட்டார். அந்த இடத்தில் ஒரு தெய்வீக சக்தி வந்து ஃப்ரோடோவின் கையை உறுதியாக்கியிருந்தால் இத்தனை வருடம் கழித்து யார் அவனை நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாயகனைக் கொஞ்சம் தடுமாற வைத்து, பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி நாலு ஜோக் அடிக்க வைத்தால் நெருக்கம் வந்துவிடாது. உர்சுலா லெ குவினின் ‘எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ’ 1968இல் வந்தது, அதன் நாயகன் கெட் சிரிக்கவைக்கிற ஆளே இல்லை, பெரும் மந்திர சக்தி உள்ளவன். ஆனால் மந்திரப் பள்ளியில் சக மாணவன் ஒருவன் சீண்டியதற்காக, தன்னால் முடியும் என்று காட்டுவதற்காக, இறந்தவர்களின் உலகிலிருந்து ஒரு ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு நிழல் வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அந்த வாசலை அடைக்கப்போய் பள்ளியின் தலைமை மந்திரவாதி உயிரையே விடுகிறார். வீம்புக்காக ஒரு வார்த்தையை விட்டுவிட்டு, அதைத் திருப்பி எடுக்க முடியாமல் தவித்த எல்லோருக்கும் கெட்டைத் தெரியும். எனக்கு அப்படி ஒரு வார்த்தை உண்டு, என் தங்கையிடம் சொன்னது.

இவ்வளவையும் கஷ்டப்பட்டுக் கட்டுகிறீர்கள், தனியாக ஒரு மொழியையே உருவாக்குகிறவர்கள்கூட உங்களில் இருக்கிறீர்கள். அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை இருப்பதால்தான் இந்தக் கடிதம். இப்போது மூன்றாம் பாகத்தை எழுதிக்கொண்டிருப்பவர் யாராவது இதைப் படித்தால், அந்தக் கிழவர் வந்து ரகசியத்தைச் சொல்கிற அத்தியாயத்தை ஒரு தடவை திரும்பப் பாருங்கள். சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் சொல்லட்டும். ஆனால் மறுநாள் காலை அந்தப் பையன் வாளை எடுக்கும்போது மணிக்கட்டு வலிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் வாசகி