அளவு மீன் கிடைத்ததும் தூண்டிலை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையில் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரும் பெற்றோர்களுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். பாஸ்டனில் படகு அமர்த்தி ஸ்ட்ரைப்டு பாஸ் (சுருக்கமாக ஸ்ட்ரைப்பர்) என்ற கோடு போட்ட கடல் மீனைப் பிடிக்கப் போவதைப் பற்றி அதில் ஒரு பத்தி இருந்தது. நல்ல யோசனைதான். ஆனால், ஆளுக்கு ஒரு மீன்தான் வைத்துக்கொள்ளலாம் என்றாலும் மற்றதையெல்லாம் பிடித்துப் பிடித்துக் கடலில் விட்டுவிடலாம், மீனுக்கு ஒன்றும் ஆகாது, பொழுது நன்றாகப் போகும் என்று கட்டுரையாளர் அந்தப் பத்தியை முடித்திருந்தார். மீனுக்கு ஆகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் தூத்துக்குடிக்காரி. பாஸ்டனுக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் குவின்சியில் நெடுநாளாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் நயாகராவுக்கு ஒரு நடை, கேப்டனோடு வாடகைக்கு அமர்த்தும் சார்ட்டர் படகில் ஒரு நடை என்பது எங்கள் வீட்டில் எழுதாத விதி. பெரியவர்களுக்கு இந்தப் படகுப் பயணம் தோதானது. ஆழ்கடலுக்குப் போக வேண்டியதில்லை. துறைமுகத் தீவுகள் அலையைத் தடுத்துக்கொள்வதால் வாந்தி, தலைசுற்றல் குறைவு. ஆறு பேருக்கு மேல் ஏற்ற இந்த வகைப் படகுக்கு அனுமதி கிடையாது என்பதால் கூட்டமும் இல்லை. மாநிலத்தில் பதிவு செய்த சார்ட்டர் படகு என்றால் நாம் தனியாக மீன்பிடி அனுமதிச் சீட்டு எடுக்கத் தேவையில்லை.

விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். முதல் வேலை இரை பிடிப்பது. கிரேவ்ஸ் கலங்கரை விளக்கத்துப் பக்கம் போய், சின்னச் சின்ன இறகு கட்டிய கொக்கிகள் வரிசையாகத் தொங்கும் தூண்டில் நரம்பை இறக்கினால் மேக்கரல் மூன்றும் நான்குமாக ஏறும். நம் அயிலைக்கு உறவுக்காரன், பச்சை முதுகில் கரும் வரிகள். அவற்றை உயிரோடு தொட்டியில் போட்டுக்கொண்டு உள்ளே திரும்பி, பிரூஸ்டர் தீவுகளைச் சுற்றியுள்ள கடலடிப் பாறைத் திட்டுகளிலும், ஹல் முனைக்கும் பெடக்ஸ் தீவுக்கும் நடுவே நீரோட்டம் பாயும் இடுக்கிலும் ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டி விடுவார்கள். இங்கே கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பத்து அடி வித்தியாசம். அதனால் வற்று நீர் அந்த இடுக்கில் ஆறு மாதிரி ஓடும். ஓட்டத்தில் தடுமாறும் சின்ன மீனுக்காகப் பாறை மறைவில் ஸ்ட்ரைப்பர் காத்திருக்கும். ஆலாக்கள் கூட்டமாகத் தண்ணீரில் விழுந்து எழுந்தால் கேப்டன் பேச்சை நிறுத்திவிட்டு அங்கே ஓட்டுவார். தலைக்கு மேல் லோகன் விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள். நம் ஆட்கள் தூண்டிலை ஒரு கையிலும் போனை மறு கையிலும் வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று திணறுவார்கள்.

ஒரு காலத்தில் நாட்டிலேயே அழுக்கான துறைமுகம் என்று பேர் வாங்கிய இடம் இது. வழக்கு, நீதிமன்றம் என்று போய், டியர் தீவில் சுத்திகரிப்பு நிலையம் கட்டி, 2000-ஆம் ஆண்டு முதல் சுத்திகரித்த நீரைச் சுமார் 15 கிலோமீட்டர் தள்ளிக் கடலடியில் கொண்டுபோய் விடுகிறார்கள். இன்று நகரத்தின் வாசலிலேயே இந்த மீன் கிடைக்க அதுவும் ஒரு காரணம்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். மாசசூசெட்ஸில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஸ்ட்ரைப்பர். அதுவும் 28 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 31 அங்குலத்தைத் தொடவும் கூடாது. வாலைச் சேர்த்துப் பிடித்து அளப்பார்கள். இந்த வரம்புக்குள் வருவதுதான் நான் சொல்லும் ‘அளவு மீன்’. சின்னதை விடச் சொல்வது நம்மவர்களுக்கு உடனே புரியும். பெரியதை விடச் சொன்னால்தான் வருத்தம். ஊரில் நாட்டுப் படகில் தொழில் பார்த்த என் சித்தப்பா, மடியளவுக்கு நீண்ட ஒரு மீனைக் கேப்டன் தண்ணீரில் இறக்கியபோது என்னைத்தான் முறைத்தார். “என்னட்டி இது, குஞ்சை விடச் சொன்னா சரி, இதையுமா?” என்றார். அது முட்டையிடும் தாய் மீன் சித்தப்பா என்றேன். அதற்குப் பிறகு அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கும் கரையின் மனிதர்.

இந்த மீனின் பிறப்பு இங்கே இல்லை. தெற்கே செசபீக் விரிகுடாவில் விழும் ஆறுகள், டெலவேர், ஹட்சன் ஆறுகள் ஆகியவற்றின் நன்னீரில் வசந்த காலத்தில் முட்டையிட்டுவிட்டு, கோடையில் இரை தேடி மெயின் மாநிலம் வரை வடக்கே வருகிறது. இலையுதிர் காலத்தில் திரும்பிப் போய்விடும். நம் தூண்டிலுக்கு வரும் பெரிய மீன்களில் அனேகமாக எல்லாமே பெண்தான். ஆண்களில் பெரும்பாலானவை விரிகுடாவை விட்டு வெகுதூரம் வருவதில்லை. முப்பது ஆண்டு வரைகூட வாழக்கூடிய மீன். பெரிய தாய் ஒரு பருவத்தில் பல லட்சம் முட்டை இடும். ஆகவே 31 அங்குல வரம்பு யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து விளையாட்டாகப் போட்டதில்லை.

செசபீக் கரையிலுள்ள மேரிலாந்து மாநிலத்தில் ஆண்டுதோறும் வலைபோட்டுக் குஞ்சுகளை எண்ணிப் பார்ப்பார்கள். ஒரு முறை வலை இழுத்தால் கிடைக்கும் வழக்கமான சராசரி 11-க்கு மேல். 2023-இல் கிடைத்தது 1.0. 2019-இலிருந்தே எண்ணிக்கை மோசம்தான். குளிர் குறைந்த பனிக்காலமும் ஆறுகளில் குறைந்த நீர்வரத்தும் முக்கியக் காரணங்கள் என்கிறார்கள். அவற்றுக்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. இருக்கும் தாய்களைச் சாகடிக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

கட்டுரையாளர் தவறவிட்டது இங்கேதான் வருகிறது. பொழுதுபோக்குக்காகப் பிடிபடும் ஸ்ட்ரைப்பரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது திரும்பக் கடலுக்கே போகிறது. அப்படி விடப்பட்டதில் நூற்றுக்கு 9 பிறகு செத்துவிடுகிறது என்பதுதான் அட்லாண்டிக் மாநிலங்களின் மீன்வள ஆணையம் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அளவு. கேட்கச் சின்ன எண். ஆனால் விடப்படுவது ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் என்பதால் சில ஆண்டுகளில் மொத்தச் சாவில் கிட்டத்தட்ட பாதி இப்படி நேர்ந்திருக்கிறது. யார் வீட்டுக் குழம்பிலும் சேராமல், யாரும் பார்க்காமல் அடியில் போய்ச் செத்தவை. ஆசையாகப் படம் எடுத்துக்கொண்டு, கையசைத்து அனுப்பிவைத்த மீன்களும் அதில் அடக்கம்.

9 என்பது சராசரி. கொக்கியை வயிறு வரை விழுங்கியிருந்தால், பிடித்தவர் கைக்கு அனுபவம் இல்லையென்றால், தண்ணீர் சூடாக இருந்தால் அது கூடும். ஊரிலிருந்து விருந்தாளிகள் வருவது எப்போது? ஜூலை, ஆகஸ்ட். துறைமுகத்தின் ஆழமில்லாத பகுதிகளில் தண்ணீர் சூடேறி, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறைந்திருக்கும் நேரம். மெல்லிய நரம்பில் பத்து நிமிடம் இழுபட்டுத் தசை முழுவதும் களைத்துப்போன மீனை மேலே தூக்கி, தாடையில் தொங்கவிட்டு, மாமா ஒரு படம், அத்தை ஒரு படம், குழந்தையோடு ஒரு படம் என்று எடுத்து முடிப்பதற்குள் அதன் கதை முடிந்துவிடும். விட்டவுடன் வாலை ஆட்டிப் போகிறதே என்று கேட்காதீர்கள். சாவது பிறகுதான். செசபீக்கில் தண்ணீர் இதைவிடச் சூடு. அதனால்தான் மேரிலாந்தில் சில ஆண்டுகளாக ஜூலை பின்பாதியில் விட்டுவிடும் எண்ணத்தோடுகூட இந்த மீனை நாடக் கூடாது என்று தடை போட்டார்கள்.

அதனால் நான் சொல்வது இதுதான். வீட்டுக்கு வேண்டிய ‘அளவு மீன்’ கிடைத்ததும் ஸ்ட்ரைப்பரை நாடுவதை விட்டுவிடுங்கள். மீன்பிடிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, தூண்டிலை மாற்றச் சொல்கிறேன். இரைக்குப் பிடித்த மேக்கரலையே மறுபடி பிடிக்கலாம். குழம்புக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? புளூஃபிஷ் வந்தால் இழுவையில் ஸ்ட்ரைப்பரைத் தோற்கடிக்கும், பல் மட்டும் பத்திரம். கேப் காட் தீபகற்பத்துக்குத் தெற்கே போகிறவர்களுக்கு ஸ்கப், கருப்பு பாஸ் என்று குழந்தைகள் சலிக்காமல் இழுக்கத் தோதான மீன்கள் இருக்கின்றன.

அளவு மீன் கிடைக்கும் முன் சில மீன்களை விட்டுத்தான் ஆக வேண்டும், அதைத் தவிர்க்க முடியாது. அப்போதாவது தடியான நரம்பில் சீக்கிரம் இழுத்துவிடுங்கள். உயிர் இரையோ வெட்டிய இரையோ போட்டால் முனை உள்பக்கமாகத் திரும்பிய வளையக் கொக்கிதான் (circle hook) கட்டாயம். 2021 முதல் அட்லாண்டிக் கரை முழுக்க அப்படி. அதில் மீன் கடித்ததும் நம் ஊர்ப் பழக்கத்தில் வெடுக்கென்று சுண்டக் கூடாது. நரம்பு இறுகும் வரை பொறுத்துச் சுற்றினால் கொக்கி தானாக வாயோரத்தில் மாட்டும். சித்தப்பாவுக்கு இதுதான் கடைசிவரை கைவரவில்லை, ஆயுள் முழுக்கச் சுண்டிய கை. மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள், செவுளுக்குள் விரல் வேண்டாம், வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுங்கள். படம் வேண்டுமென்றால் மீன் தண்ணீரில் இருக்கும்போதே எடுக்கலாம். உண்மையில் அதுதான் அழகாகவும் வரும், அந்தக் கரும் கோடுகள் ஈரத்தில்தான் துலங்கும்.

அரை நாளைக்கே பல நூறு டாலர், அதற்கு மேல் கேப்டனுக்கு உதவும் படகுப் பணியாளரான ‘மேட்’ என்பவருக்கு டிப்ஸ். அதையும் மறக்காதீர்கள், இங்கே அது சம்பளத்தில் பாதி மாதிரி. இவ்வளவு கொடுத்துவிட்டு அளந்துதான் பிடிக்க வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். சார்ட்டர் படகுக்காரர்களுக்கும் இந்த ஆதங்கம் உண்டு. தங்கள் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் 33 அங்குலம் வரை அனுமதிக்க வேண்டும் என்ற யோசனை ஆணையத்தின் முன் வந்து, 2024 ஜனவரியில் தள்ளுபடி ஆனது. சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இதே மாநிலத்தில் விற்பனைக்குப் பிடிப்பவர்கள் 35 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள மீனைத்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. மொத்த எடைக்கு உச்சவரம்பு இருக்கிறது, நாள்கணக்கு இருக்கிறது, எல்லாம் உண்மைதான். இருந்தாலும் நான் விட்ட தாயை அடுத்த படகு சந்தைக்குக் கொண்டுபோகலாம் என்றால் எங்கோ இடிக்கிறது.

அடக்கிப் பிடித்தால் பலன் இருக்குமா என்று கேட்பவர்களுக்கு இந்த மீனின் பழைய கதையே போதும். இதை வயலுக்கு உரமாகப் போடக் கூடாது என்று மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1639-இலேயே சட்டம் போட்டார்கள், அவ்வளவு மலிந்திருந்தது. 1980 வாக்கில் ஏறத்தாழ அழியும் நிலை. 1984-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. 1985 முதல் 1990 வரை மேரிலாந்தில் ஒரு மீன்கூடப் பிடிக்கக் கூடாது என்று நிறுத்தினார்கள். 1995-இல் மீண்டுவிட்டது என்று அறிவிப்பு வந்தது. அப்புறம் மறுபடி கை நீண்டுவிட்டது. 2019-இல் மதிப்பீடு வந்தபோது இருப்பு மீண்டும் அபாய அளவுக்குக் கீழே. 2023-இல் அவசர ஆணையாக வந்ததுதான் இந்த 31 அங்குலம். 2029-க்குள் மீட்க வேண்டும் என்பது இலக்கு.

விதிகள் இப்படி அடிக்கடி மாறுவதால் உங்கள் கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டு அடுத்த கோடையில் யாரும் கிளம்பிவிட வேண்டாம். போகும் வாரத்தில் மாநில மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். படகு பதிவு செய்யும்போதே கேப்டனிடம் சொல்லிவிடலாம்: எங்களுக்கு அளவு மீன் இரண்டு போதும், அதன் பிறகு வேறு மீனுக்குப் போகலாம் என்று. நான் சொல்லி இதுவரை எந்தக் கேப்டனும் முகம் சுளித்ததில்லை.

இன்னொன்று. கரைக்கு வந்ததும் மேட் இரண்டு பக்கச் சதையையும் வழித்து நம்மிடம் கொடுத்துவிட்டு, தலையையும் நடு முள்ளையும் தூக்கிப் போடப் போவார். இங்கே பலருக்கு அது குப்பை. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 30 அங்குல மீனின் தலையில் மட்டும் நாலு பேர் சாப்பிடும் அளவுக்குக் குழம்பு வைக்கலாம். கன்னத்துச் சதைக்கு எங்கள் வீட்டில் சண்டையே நடக்கும்.

இப்படிக்கு,
குவின்சி வாசகி,
மாசசூசெட்ஸ்