ஒரே பெயரில் எத்தனை லைப்ரரிகள்? ரிமோட் டெஸ்க்டாப் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திறந்த மூல ரிமோட் டெஸ்க்டாப் லைப்ரரிகளைப் பராமரித்துவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் உங்களில் ஒருவன் அல்ல. தொலைவில் இருக்கும் கணினியின் திரையை இங்கிருந்தே பார்த்து இயக்க நீங்கள் எழுதும் லைப்ரரிகளை (மற்ற நிரல்கள் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளை) எடுத்து, அவற்றின் மேல் சின்னச் சின்னக் கருவிகள் கட்டிப் பிழைப்பவன். இதுவரை அனுப்பிய பேட்ச்களை (நிரல் திருத்தங்களை) ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதிலும் இரண்டு எழுத்துப்பிழைத் திருத்தம். ஆகவே உரிமையோடு கேட்கிறேன் என்று சொல்ல மாட்டேன். கேட்கிறேன், அவ்வளவுதான்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே கருவி, ஒரே பதிப்பு, இரண்டு கணினிகள். இரண்டும் ஒரே விண்டோஸ் சர்வரோடு இணைகின்றன. ஒன்றில் ஜன்னலைப் பிடித்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு வருகிறது. இன்னொன்றில் தத்தித் தத்தி, பட்டை பட்டையாக நகர்கிறது. நெட்வொர்க்கைத் திட்டினோம். கேபிளை மாற்றினோம். கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்றினோம். இரண்டாம் நாள் மாலை, வேறு வழி தோன்றாமல், இரண்டு இடத்திலும் எல்டிடி (ஒரு நிரல் எந்தெந்த லைப்ரரிகளை இழுத்துவருகிறது என்று பட்டியலிடும் கட்டளை) ஓட்டிப் பார்த்தேன். ஒரு பட்டியலில் சுருக்கிய வீடியோவை விரிக்கும் ஹெச்.264 டீகோடர் இருந்தது, மற்றதில் இல்லை. அது இல்லாத பைனரியை (கம்பைல் ஆன நிரலை) உருவாக்கிய மெஷினில் டீகோடரின் ஹெடர் பேக்கேஜை (கம்பைல் செய்யத் தேவையான அறிவிப்புக் கோப்புகளை) யாரும் நிறுவவில்லை. கம்பைலுக்கு முன் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் கான்ஃபிகர் கட்டம் அதைக் கவனித்திருக்கிறது. நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே "கிடைக்கவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தன்பாட்டுக்கு மேலே போயிருக்கிறது. பில்ட் பச்சை. டெஸ்ட் பச்சை. பதிப்பு எண்ணும் அதேதான். எந்த லைப்ரரி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இது அந்த ஒரு வீட்டுச் சண்டையாகிவிடும். நம் தெருவில் பல வீடுகளில் இதே கதைதான்.

நான் சொல்ல வந்தது இதுதான். நீங்கள் வெளியிடுவது ஒரு லைப்ரரி அல்ல. ஒரு பெயரும் பதிப்பு எண்ணும் மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது. அதன் பின்னால் எத்தனை வித லைப்ரரிகள் உலவுகின்றன என்பதை முடிவு செய்வது பில்ட் ஃப்ளாக்குகளும் (எந்த வசதியைச் சேர்ப்பது என்று கம்பைல் செய்யும்போது கொடுக்கும் தெரிவுகள்), கம்பைல் ஆன நேரத்தில் அந்த மெஷினில் தற்செயலாக என்னென்ன இருந்தன என்பதும்தான். இதை ஒவ்வொரு பேக்கேஜரும் (லைப்ரரியைக் கம்பைல் செய்து பயனர்களுக்குத் தொகுத்துத் தருபவர்) அறிவார். ஆனால் உங்கள் ஏபிஐ (மற்ற நிரல்கள் லைப்ரரியோடு பேசும் வாசல்) மட்டும் இதை அறியாதது போலவே நடந்துகொள்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீங்கள் பேசும் புரோட்டோகால்களே (கணினிகள் பேசிக்கொள்ளும் விதிமுறைகளே) இந்த விஷயத்தில் உங்களைவிட நாகரிகமானவை. விஎன்சி என்ற ரிமோட் டெஸ்க்டாப் முறையின் ஆர்எஃப்பி புரோட்டோகாலை எடுத்துக்கொள்ளுங்கள் (2011-இல் ஆர்எஃப்சி 6143 என்ற இணைய ஆவணமாக வந்தது). இணைந்ததும் சர்வர் அனுப்பும் முதல் 12 பைட்டுகளே "ஆர்எஃப்பி 003.008" என்று பதிப்பைச் சொல்லும் வரிதான். பிறகு கிளையன்ட் தனக்குத் தெரிந்த என்கோடிங்குகளை (திரைப் படத்தை அனுப்பும் வடிவங்களை) விருப்ப வரிசைப்படி பட்டியலாக அனுப்புகிறது. எதுவும் தெரியாவிட்டால் இருக்கவே இருக்கிறது, சுருக்காமல் அப்படியே அனுப்பும் ரா என்கோடிங். விண்டோஸின் ஆர்டிபியிலும் அப்படியே: வேலை தொடங்கும் முன் இரு பக்கமும் "எனக்கு இதெல்லாம் தெரியும்" என்று கேப்பபிலிட்டி தொகுப்புகளை மாற்றிக்கொள்கின்றன. கடல் தாண்டி இருக்கும் சர்வரிடம் இவ்வளவு மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். ஒரே பிராசஸுக்குள், ஒரே நினைவகத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் லைப்ரரியிடம் "உனக்கு ஹெச்.264 தெரியுமா?" என்று கேட்க மட்டும் நேரான வழியில்லை.

பழைய நிலைமையை மறந்துவிட்டுப் பேசவில்லை. ஆர்டெஸ்க்டாப் என்ற பழைய ஆர்டிபி கிளையன்டின் காலம் நினைவிருக்கிறதா? பயனர் பெயர், திரை அகலம், வண்ண ஆழம் எல்லாமே "ஜி" என்று தொடங்கும், நிரல் முழுவதுக்கும் பொதுவான குளோபல் மாறிகளில் கிடந்தன. ஒரு பிராசஸில் ஒரு செஷன்தான் ஓடும். அதை வேறு நிரலுக்குள் வைக்க வேண்டுமானால் சைல்ட் பிராசஸாக ஓட்டி, உங்கள் ஜன்னலின் ஐடியைக் கட்டளை வரியில் கொடுத்து, அதற்குள் வந்து உட்காரச் சொல்ல வேண்டும். அதற்கென்றே ஒரு ஆப்ஷன் இருந்தது. 2009-இல் அதிலிருந்து ஃப்ரீஆர்டிபி பிரிந்து, ஒரு லைப்ரரியாகத் தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்ட பிறகுதான் ரெமினா, குவாக்கமோலி, க்னோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்ற கருவிகள் அதன் மேல் நிமிர்ந்து நிற்க முடிந்தது. அந்த உழைப்பின் பலனைத்தான் நானும் தின்றுகொண்டிருக்கிறேன்.

அதே ஃப்ரீஆர்டிபி, தான் எந்தெந்த ஃப்ளாக்குகளோடு கம்பைல் ஆனது என்பதைக் கட்டளை வரியில் கேட்டால் சொல்லிவிடும். லைப்ரரியிலும் அதற்கொரு ஃபங்ஷன் உண்டு. நல்ல பழக்கம், எல்லோரும் பின்பற்ற வேண்டியது. ஆனால் கிடைப்பது ஒரு நீளமான ஸ்ட்ரிங். மனிதக் கண்ணுக்குப் போதும். நிரலுக்குள் அதை வைத்து முடிவெடுக்க வேண்டுமென்றால் ஸ்ட்ரிங்கைத் துழாவ வேண்டும், ஃப்ளாக்கின் பெயர் மாறிய அன்று துழாவல் தோற்கும்.

இது வெறும் வேகத்தைப் பற்றிய பேச்சல்ல என்பதற்கு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் 3.0 பதிப்பு ஒன்றே போதும். 2021 செப்டம்பரில் வந்த அந்தப் பதிப்பு எம்டி4, ஆர்சி4 என்ற பழைய குறியாக்க முறைகள் இரண்டையும் "லெகசி" என்ற தனிப் பெட்டிக்குள் தள்ளியது. தள்ளியது சரிதான், இரண்டும் எப்போதோ ஓய்வு பெற்றிருக்க வேண்டியவை. ஆனால் என்டிஎல்எம் என்ற விண்டோஸ் உள்நுழைவு முறையில் கடவுச்சொல்லின் ஹாஷ் (அதிலிருந்து கணக்கிடும் சுருக்கம்) எம்டி4-இல்தான் பிறக்கிறது. லெகசி பெட்டி திறக்கப்படாத கணினியில், கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே போக முடியாது. ஃப்ரீஆர்டிபி இதற்கு எம்டி4, ஆர்சி4 இரண்டையும் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும் பில்ட் ஃப்ளாக்குகளைத் தந்தது. நல்ல தீர்வு. ஆனால் அந்த ஃப்ளாக்கைப் போடுவதா வேண்டாமா என்பது பேக்கேஜரின் கையில். பயனர் வந்து கதவைத் தட்டுவது என்னைப் போன்ற கருவிக்காரனிடம். நடுவில் நான் லைப்ரரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தால், "கடவுச்சொல் தவறு" என்று பொய் சொல்லாமல் உண்மைக் காரணத்தைத் திரையில் காட்டியிருப்பேன்.

ஃப்ளாக்குகள் ஹெடருக்குள் புகுந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு லைப்ரரியின் பொது ஹெடரில் கிளையன்ட் ஸ்ட்ரக்ட் (பல புலங்களை வரிசையாக வைத்திருக்கும் தரவுக் கட்டமைப்பு) முழுதாகத் திறந்து கிடந்தது. அதன் நடு வயிற்றில், ஜேபெக் இருந்தால் மட்டும் ஒரு பாயின்டர் என்று ஒரு இஃப்டெஃப் நிபந்தனை. லைப்ரரி ஜேபெக்குடன் கம்பைல் ஆகியிருந்தது. என் நிரல், வேறொரு டைரக்டரியில் கிடந்த பழைய கான்ஃபிக் ஹெடரைப் பார்த்து, ஜேபெக் இல்லை என்று நினைத்துக்கொண்டது. அவ்வளவுதான், அந்த இடத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு புலமும் எட்டு பைட் நகர்ந்துவிட்டது. நான் எழுதிய கால்பேக்கின் (லைப்ரரி திருப்பி அழைக்க வேண்டிய என் ஃபங்ஷனின்) முகவரி ஒரு இடத்தில், லைப்ரரி தேடிப் போனது அடுத்த இடத்தில். கம்பைலரும் லிங்கரும் வாயைத் திறக்கவில்லை. ஜிடிபி என்ற பிழை தேடும் கருவியில் இரண்டு பக்கத்தின் ஆஃப்செட்டுகளையும் (ஸ்ட்ரக்டின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு புலமும் இருக்கும் தூரங்களையும்) தாளில் எழுதி, வரிக்கு வரி ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தேன். எட்டு என்ற எண் வட்டமிட்ட அந்தத் தாள் இன்னும் மேசை மேல் கிடக்கிறது.

ஃப்ரீஆர்டிபி 2-இன் செட்டிங்ஸ் ஸ்ட்ரக்ட் இதற்கு மாறாக நடந்துகொண்டது. ஒவ்வொரு புலத்துக்கும் 64 பிட் இடம், பக்கத்திலேயே கமென்ட்டில் ஒரு எண், இடையிடையே நாளைய புலங்களுக்காகக் காலியாக விட்ட திண்டுகள். பார்க்க அழகில்லை. ஆனால் புதிய புலம் வந்து உட்கார்ந்தபோது பழைய நிரல் சாகவில்லை. 2023 டிசம்பரில் வந்த 3.0 இன்னும் ஒரு படி போய், புலங்களை நேரே தொடாமல் ஃபங்ஷன் வழியாகவே எடுக்கவும் வைக்கவும் சொன்னது. என் நிரல் முழுக்கத் திருத்த வேண்டியிருந்ததால் அன்று நானும் முணுமுணுத்தேன். இப்போது அந்த முணுமுணுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். லைப்ரரியின் பெயரிலேயே 3 என்று சேர்த்து, பழையதும் புதியதும் ஒரே கணினியில் அடித்துக்கொள்ளாமல் இருக்கச் செய்ததற்குத் தனியாக நன்றி.

பில்ட் முறைகளைப் பற்றி: சிமேக்கா, மெசானா, ஆட்டோடூல்ஸா, எந்த பில்ட் கருவி நல்லது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. டைகர்விஎன்சி என்ற விஎன்சி மென்பொருளைக் கட்டியவர்களுக்குத் தெரியும், கிளையன்ட் பக்கம் சிமேக்; சர்வர் பக்கமோ லினக்ஸில் திரையைக் கவனிக்கும் எக்ஸ் சர்வரின் மூல நிரலையே கொண்டுவந்து, அதன் மேல் பேட்ச் ஒட்டி, ஆட்டோகான்ஃப் ஓட்டித்தான் எக்ஸ்விஎன்சி பிறக்கிறது. எக்ஸ் சர்வர் தன் உள்ளுறுப்புகளை லைப்ரரியாகத் தருவதில்லை, வேறென்ன செய்வார்கள்? அந்த மாதிரி இடங்களில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கேட்பது ஒன்றுதான்: நான் ஒரு வசதியை "வேண்டும்" என்று சொன்னால், அது கிடைக்காதபோது பில்ட் நிற்கட்டும். மெசானில் வேண்டும், வேண்டாம், பார்த்துக்கொள் என்று மூன்று நிலை இருக்கிறது. சிமேக்கில் ஆன் என்று சொன்னவனுக்கு ரெக்வையர்ட் என்று தேடினால் முடிந்தது. "பார்த்துக்கொள்" என்பது கேட்டவனுக்கு மட்டும் கிடைக்கட்டும். குவாக்கமோலியின் கான்ஃபிகர் கடைசியில் எது உண்டு, எது இல்லை என்று ஒரு அட்டவணை போடுகிறது, படிக்க இதமாக இருக்கும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஓடும் சிஐ (தானியங்கி பில்ட்) அட்டவணை படிக்காது. அதற்குத் தெரிந்தது எக்சிட் கோடு, அதாவது வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண், மட்டும்தான்.

(லைப்ரரிக்குள்ளிருந்து எக்சிட்டை அழைத்து என் நிரலையும் சேர்த்துச் சாகடிப்பவர்களும் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்குத் தனி மடல் வரும்.)

வெளியீட்டு டார்பாலில் (மூல நிரலின் தொகுத்த கோப்பில்) எச்சரிக்கையையும் பிழையாக்கும் வெர்ரர் ஃப்ளாக்கை விட்டுவைப்பதும், 2.8 என்று பழைய சிமேக் பதிப்பைக் குறிப்பிட்ட மூன்றாம் தரப்பு நிரலைச் சுமந்துகொண்டே இருப்பதும் வேண்டாமே. 2025-இல் வந்த சிமேக் 4.0, 3.5-க்கு முந்தைய எதையும் ஏற்காமல் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது.

கொஞ்சம் நின்று பேச வேண்டியது டிபெண்டன்சிகளை, அதாவது ஒரு நிரல் சார்ந்திருக்கும் மற்ற லைப்ரரிகளைப் பற்றி. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் பின்வாசல் கண்டுபிடிக்கப்பட்டது. எஸ்எஸ்ஹெச் (தொலைக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் நூல் பிடித்துக்கொண்டே போய்க் கண்டது. அந்தப் பின்வாசலைத் தூண்டிவிட்ட எம்4 துண்டு (பில்ட்டின்போது ஓடும் சிறு நிரல்) மூல நிரல் இருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டு டார்பாலில் மட்டும் இருந்தது. எஸ்எஸ்ஹெச்சின் சர்வரான எஸ்எஸ்ஹெச்டிக்கு எக்ஸ்இசட்டோடு நேரடி வேலையே கிடையாது. சில டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் விநியோகங்கள்) எஸ்எஸ்ஹெச்டியை லிப்சிஸ்டம்டியோடு இணைத்திருந்தன, அது எக்ஸ்இசட்டின் லைப்ரரியான லிப்எல்இசட்எம்ஏவைக் கையோடு கூட்டிவந்தது. நம் துறையும் அதே வேலைதான் செய்கிறது: வெளி உலகிலிருந்து வரும் பைட்டுகளை உள்ளே விடுகிற வேலை. ஸ்மார்ட் கார்டு, பிரின்டர், யூஎஸ்பி, ஒலி என்று ஒவ்வொரு சேனலும் ஒரு லைப்ரரியைக் கையோடு கூட்டிவருகிறது. வெறும் திரையைப் பார்க்க மட்டும் வருகிறவன் ஏன் பிரின்டர் லைப்ரரியையும் நினைவகத்தில் ஏற்ற வேண்டும்? சேனல்களைத் தனி மாட்யூல்களாக்கி, கேட்டால் மட்டும் ஏற்றுங்கள். டிலோப்பன் செய்தால் (ஓடும்போதே லைப்ரரியை ஏற்றினால்) டிபெண்டன்சிகள் பேக்கேஜர் கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்ற எதிர்ப்பு நியாயமானது. அதற்குத்தான் லினக்ஸ் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அந்த விவரத்தை எல்ஃப் கோப்பிலேயே (லினக்ஸ் பைனரியிலேயே) குறிப்பாக எழுதிவைக்கத் தொடங்கியிருக்கிறது. நாமும் எடுத்துக்கொள்ளலாம். டார்பாலை கிட்டிலிருந்து யார் வேண்டுமானாலும் மறுபடி உருவாக்கி, பைட்டுக்கு பைட் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடிய வேண்டும்.

இத்தனை கேட்டாலும், உடனே வேண்டியது ஒரே ஒரு ஃபங்ஷன். வசதியின் எண்ணைக் கொடுத்தால் உண்டு, இல்லை, கம்பைல் ஆகியிருக்கிறது ஆனால் இப்போது ஏற்ற முடியவில்லை என்று மூன்றில் ஒன்றைத் திருப்பித் தரட்டும். மூன்றாவது பதில் முக்கியம். லெகசி பெட்டி மூடிக்கிடந்த கணினியில் எனக்குத் தேவைப்பட்டது அதுதான். எண்களை ஒருமுறை கொடுத்தால் மாற்றக் கூடாது, புதியவை பட்டியலின் கடைசியில் சேரட்டும். தெரியாத எண்ணைக் கேட்டால் "இல்லை" என்றே சொல்லட்டும். அப்போதுதான் புதிய கருவி பழைய லைப்ரரியோடும் ஓடும்.

என் கைவசம் ஒரு வரைவு இருக்கிறது. நான் தினமும் லிங்க் செய்யும் இரண்டு லைப்ரரிகளுக்கு எழுதிப் பார்த்தேன், ஒன்றில் சுமுகமாக உட்கார்ந்தது. இன்னொன்றில் டீகோடரைத் தேடும் நிரல் மூன்று கோப்புகளில் சிதறிக் கிடப்பதால், முதலில் அதை ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அந்த மறுசீரமைப்பை ஒரே பேட்ச்சாகப் பார்க்க விரும்புவீர்களா, கோப்புக்கு ஒன்றாகப் பிரித்து அனுப்பட்டுமா என்று சொன்னால் வேலையைத் தொடங்கிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் லைப்ரரியைத் தினமும் லிங்க் செய்பவன்