வீட்டுத்தோட்ட நலச் சங்கம், பாளையங்கோட்டை: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகிகளுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஆடிப்பட்டத்துக்குக் கத்தரி, வெண்டை, அவரை விதைகள் கொடுத்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அடுக்களைக் காய்கறிக் கழிவை உரமாக்கும் வேலைதான் இந்த ஆண்டு நம்மை அதிகம் உழைக்க வைத்தது. அதை விரிவாகச் சொல்ல அனுமதி கேட்கிறேன்.

மட்கும் குப்பையையும் மட்காததையும் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதி. மட்குவதை வீட்டிலேயே வாளியில் போட்டு உரமாக்கினால் ராமையன்பட்டி குப்பைக் கிடங்குக்குப் போகும் சுமை அந்த அளவுக்குக் குறையும், நம்முடைய செவல் மண்ணுக்கும் சத்து கிடைக்கும் என்றுதான் தொடங்கினோம்.

ஆரம்பத்தில் வந்த புகார் எல்லாம் நாற்றம் பற்றியது. போய்ப் பார்த்தால் வாளி நிறையத் தடியங்காய்த் தோலும் அழுகின தக்காளியும் கீரைத்தண்டும். எல்லாமே ஈரம். காற்றுப் புக இடமில்லாததால் மட்காமல் அழுகிவிட்டன. ஒரு பங்கு தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு போட்டு, மேலேயும் சருகால் மூடச் சொன்னோம். தோலில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், சருகில் கரிச்சத்து (கார்பன்) அதிகம். இரண்டும் சேர்ந்தால்தான் நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யும். கையில் அள்ளிப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. இந்தப் பக்குவம் வந்த வீடுகளில் நாற்றம் நின்றது.

ஆனால் அந்தச் சருகைத்தான் நாம் தினமும் காலையில் கூட்டித் தெருவோரம் தீ வைக்கிறோம். வேம்பு, புங்கை, வாதாம் இலை எல்லாம் புகையாகப் போகிறது. தோல் வீணாவதைவிட இதுவே பெரிய நட்டம் என்பது என் கருத்து. சில தெருக்களில் சாக்கில் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

தைப்பொங்கலுக்குக் கழிவு கிடைத்தது போல வேறெப்போதும் கிடைக்காது. சாக்கில் போட்டுத் தேய்த்த சிறுகிழங்குத் தோல், பனங்கிழங்குத் தோல், மஞ்சள் குலை, வாழையிலை, கரும்புச் சக்கை என்று வாளிகள் நிரம்பின. சக்கையைச் சிறிதாக நறுக்கிப் போட்டால் சருகுக்குப் பதிலாகவே ஆகும். முழுசாகப் போட்டவர்களுக்கு மட்க நாளாகிறது.

பழுப்பு நிறத் தட்டைப் புழுக்களைக் கண்டு சில அக்காமார் வாளியையே கொட்டிவிட்டார்கள். பயப்பட வேண்டாம். அவை கறுப்பு சிப்பாய் ஈயின் புழுக்கள். கழிவைத் தின்னுமே தவிரச் செடியைத் தொடாது. குழம்பு, எண்ணெய், மீன் கழிவு மட்டும் போட வேண்டாம், எலியும் பெருச்சாளியும் வரும். பச்சைத் தோலைச் செடி மூட்டில் குவிக்கவும் வேண்டாம். புதைப்பதானால் செடியைவிட்டுத் தள்ளி ஓரடி ஆழத்தில் புதைக்கலாம்.

இரண்டு மூன்று மாதத்தில் உரம் கறுத்து, உதிரியாகி, மண்வாசனை வரும். அப்புறம் சலித்துப் போடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாளிக்கு மூடி அவசியம்.

வரும் ஆண்டில் ஒவ்வொரு தெருமுனையிலும் சருகுச் சாக்கு வைக்கவும், வாளி வைக்க இடமில்லாத மாடிக் குடித்தனக்காரர்களுக்காகப் பொது இடத்தில் உரம் போடச் சிமெண்ட் உறை இறக்கவும் செயற்குழு விரும்புகிறது. இதற்கான செலவுக்குப் பொதுக்குழு இன்றே ஒப்புதல் தர வேண்டும் என்று கேட்டு, அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

செயலாளர்