சிடி பிளேயர் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கால்வலி தேவலையா? பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய், ரொம்பச் சந்தோஷம். இங்கே மதுரையில் சித்திரை பிறக்கும் முன்பே வெயில் மண்டையைப் பிளக்கிறது. திருமங்கலத்திலும் அப்படித்தான் இருக்கும்.

ஒன்றரை லட்சத்துக்குச் சிடி பிளேயர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. அதற்காகப் பீரோவில் இருக்கும் நானூறு சிடியையும் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடாதே.

சிடியில் இருப்பது எண்கள்தான்: 16 பிட், நொடிக்கு 44,100 மாதிரி, இரண்டு சானல். அதைப் பிழையில்லாமல் கம்ப்யூட்டரில் இறக்கி ஃப்ளாக் ஃபைலாக (ஒலி எதுவும் இழக்காமல் சுருக்கி வைக்கும் வகை) வைத்தால் ஒரு பிட்கூடக் குறையாது. அந்த ஃபைலையும் சிடியையும் ஒரே டிஏசி (எண்களை ஒலி மின்அலையாக மாற்றும் பகுதி) வழியாக விட்டால் காதுக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. விலை உயர்ந்த பிளேயரில் காசு போவது கனமான கேபினெட்டுக்கும், பவர் சப்ளைக்கும், சுழலும் மெக்கானிசத்துக்கும். அந்த மெக்கானிசம் தேயும், லேசர் மங்கும். ஸ்பேர் கிடைக்காத நாளில் மொத்தமும் ஷோகேஸ் பொருள்.

உன் பழைய பிளேயரை முதலில் பார். அது எப்படித் திக்குகிறது என்பதிலேயே நோய் தெரியும். சிடி உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் படிக்கப்படுகிறது. தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, ஓரத்துக்கு வரும்போது சுமார் 200. முதல் பாட்டுகள் நன்றாக ஓடிக் கடைசி இரண்டு பாட்டு மட்டும் திக்கினால், லேசர் நகரும் தண்டில் கிரீஸ் இறுகியிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படு. நம்மூர்த் தூசியும் வெயிலும் சேர்ந்து அதை மெழுகு மாதிரி ஆக்கிவிடும். பழையதைச் சுத்தமாகத் துடைத்து, புது வெள்ளை கிரீஸை அரிசி அளவு தடவினால் போதும். ஆரம்பத்திலேயே தடுமாறி, போகப் போகச் சரியானால் சுற்றும் மோட்டார் சோர்ந்திருக்கலாம். எந்த டிஸ்க்கையும் அடையாளமே காணவில்லை என்றால் லென்ஸ் அழுக்கு, இல்லாவிட்டால் லேசர். தட்டு வெளியே வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும்; சொற்பக் காசு.

லென்ஸைத் துடைக்க 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கு. மெடிக்கல் ஷாப் சர்ஜிக்கல் ஸ்பிரிட் காய்ந்தபின் படலம் விடும், அது வேண்டாம். பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு தொட்டு, இறகால் தடவுவது போல ஒரு சுற்று. அழுத்தாதே, லென்ஸ் மெல்லிய கம்பிகளில்தான் தொங்குகிறது. அப்படியும் படிக்காவிட்டால் லேசரை மாற்று. பல சோனி பிளேயர்களில் இருக்கும் கேஎஸ்எஸ்-213 வகை இன்னும் கிடைக்கிறது, ஆனால் போலி அதிகம். ஒன்று கவனி: புது யூனிட்டில் நிலைமின்சாரத்திலிருந்து லேசரைக் காக்க இரண்டு புள்ளிகளை ஈயத்தால் இணைத்திருப்பார்கள். கேபிளைச் செருகியபின் அந்த ஈயத்தை எடுக்க வேண்டும். எடுக்க மறந்துவிட்டு "புதுசும் படிக்கல" என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறவர்கள் உண்டு. இன்னொன்று, மங்கிய லேசரின் திருகைத் திருப்பிச் சக்தியைக் கூட்டித் தருகிறேன் என்று எந்த மெக்கானிக்காவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. கொஞ்ச நாள் பாடும், பிறகு அடியோடு போய்விடும்.

பிளேயர் சரியானதும் சிடிகளைக் கம்ப்யூட்டரின் சிடி டிரைவில் போட்டு இறக்கு. விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற சாஃப்ட்வேர் இலவசம். செக்யூர் முறையில் வைத்து 'டெஸ்ட் அண்ட் காப்பி' கொடு. இரண்டு முறை படித்துச் செக்சம் (ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு எண்) ஒத்துவருகிறதா என்று காட்டும். மற்றவர்கள் எடுத்த பிரதியோடு ஒப்பிடும் அக்யூரேட்ரிப் வசதியும் உண்டு. ஆனால் நம் தமிழ் சிடி அந்தப் பட்டியலில் இல்லாமலும் போகும், அப்போது செக்சம்தான் சாட்சி. ஒரு மணி நேர சிடி ஃப்ளாக்கில் ஏறத்தாழ 350 எம்பி வரும். நானூறுக்கும் 140 ஜிபி, ஆகவே 1 டிபி ஹார்ட் டிஸ்க் தாராளம். நாளைக்கு எட்டு சிடி வீதம் ஐம்பது நாள் வேலை. லேப்டாப்பில் செய், கரண்ட் போனாலும் ஃபைல் பாதியில் சிதையாது.

80களில் அச்சான சில சிடிகளில் பிரி-எம்ஃபசிஸ் இருக்கும். மேல் ஸ்தாயியைத் தூக்கிப் பதிவு செய்திருப்பார்கள், பிளேயர் தானாகவே அதைக் குறைத்துக்கொள்ளும். இறக்கிய ஃபைலில் அந்தக் குறைப்பு இருக்காது. ஜால்ராவும் வயலினும் காதைக் கீறும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் அதற்கென்றே ஒரு பத்தி உண்டு. அதில் 'யெஸ்' என்று காட்டும் சிடிகளைத் தனியாக ஒதுக்கி வை, நான் சரி செய்து தருகிறேன்.

நடைபாதையில் வாங்கிய 150 பாட்டு சிடிகள் எம்பி3, அதாவது ஒலியில் கொஞ்சத்தை வெட்டிச் சுருக்கியவை. அவற்றை ஃப்ளாக் ஆக்கினால் இடம்தான் பெருகும், தொலைந்த ஒலி திரும்பாது. அதே மாதிரி, பழைய சிடி இருக்கும்போது ஆன்லைனில் வரும் அதே பாட்டை நம்பி அதைக் கழித்துவிடாதே. புது ரீமாஸ்டர் (பழைய பதிவை மறுபடி மெருகேற்றிய பதிப்பு) பலவற்றில் சத்தத்தை ஏற்றி மிருதங்கத்தின் அடியையே தட்டையாக்கி வைத்திருக்கிறார்கள். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் திறந்து பார், அலையின் தலை கத்தரித்த வேலி மாதிரி இருக்கும். உன் பீரோவின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. சிடியைத் துடைத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடை, வட்டமாக வேண்டாம். எழுத்து இருக்கும் பக்கம்தான் மென்மையானது. அலுமினியப் பூச்சு அதன் அடியில் மெல்லிய அரக்குக்குக் கீழே இருக்கிறது. அங்கே கீறல் விழுந்தால் மீட்க முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகும் புது பிளேயர்தான் வேண்டும் என்றால், வெளியிலிருந்து டிஜிட்டல் ஒலியை வாங்கும் கோஆக்சியல் அல்லது யுஎஸ்பி இன்புட் உள்ளதாகப் பார். மெக்கானிசம் போனாலும் டிஏசி ஆக உழைக்கும். லேசரின் மாடல் நம்பரைக் கேட்டு, அன்றைக்கே ஒன்று கூடுதலாக வாங்கி வை.

எல்லாம் இறக்கியபின் இரண்டு பிரதி எடு. ஒன்று உன் வீட்டில், மற்றது என் வீட்டில். செகண்ட் ஹாண்ட் பிளேயர் பார்க்க டவுன்ஹால் ரோட்டுக்கு வருவதாக இருந்தால் முன்னாடியே போன் பண்ணு, நானும் வருகிறேன். 70 நிமிஷத்துக்கு மேல் ஓடும் சிடி ஒன்றை மறக்காமல் கொண்டு வா. கடைக்காரர் முதல் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவார், நாம் கடைசிப் பாட்டைக் கேட்போம்.

அன்புடன்,
பாண்டி