'கண்ட கண்ட' போஸ்டர்களில் ஒன்றை ஒட்டியவன் எழுதுவது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நகரத் தூய்மை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கோபம் வந்தது. அவசரப்பட்டுவிட்டோமோ என்று மறுநாள் நிதானமாக இன்னொரு முறை படித்தேன், கோபம் கூடியது. குப்பைத்தொட்டி, சாக்கடை மூடி, நடைபாதை என்று கட்டுரையாளர் சொல்லிக்கொண்டு போனதெல்லாம் நியாயமான பேச்சு. போகிற போக்கில் மின்கம்பங்களுக்கு வந்தார். 'கண்ட கண்ட நாடகம், கச்சேரி போஸ்டர்கள்' கம்பங்களை அசிங்கப்படுத்துகின்றனவாம். இந்தக் காலத்திலும் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு அலையாமல் இவர்களெல்லாம் செல்போனிலேயே விளம்பரம் செய்துகொள்ளலாமே என்று ஒரு யோசனை வேறு.

அந்தக் கண்ட கண்ட நாடகங்களில் ஒன்று எங்களுடையது. கட்டுரையோடு நீங்கள் போட்டிருந்த புகைப்படத்தில், இடது ஓரத்தில் பாதி கிழிந்து தொங்குகிறதே, அது எங்கள் போஸ்டர்தான். 23 வருடங்களாக நாடகம் போடுகிறோம். எங்கள் குழு சம்பந்தப்பட்ட ஒரு படம் உங்கள் பத்திரிகையில் வந்தது இதுவே முதல் தடவை. மிக்க நன்றி.

அதே படத்தில், கம்பத்துக்குப் பின்னால், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் முகத்தையே மறைத்துக்கொண்டு ஒரு முகப்பூச்சு விளம்பரம் நிற்கிறது. இரவெல்லாம் விளக்கு எரியும். அது அசிங்கத்தில் சேரவில்லை. வாடகை கட்டியிருக்கிறார்கள் அல்லவா! எங்களுடையது டெமி தாள், 17.5க்கு 22.5 அங்குலம். அந்த விளம்பரத்துப் பெண்ணின் ஒரு பல்லை மறைக்கவும் காணாது.

வாளியைப் பற்றி இளக்காரமாக எழுதியவர் வாளியைத் தொட்டிருக்க மாட்டார். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து வைத்திருப்போம். கம்பத்தில் ஒட்டுவது சுவரில் ஒட்டுகிற மாதிரி இல்லை. வளைவுக்குத் தாள் பிடிகொடுக்காது. முதலில் கம்பத்தில் பசையை இழுக்க வேண்டும், தாளின் நடுவை வைத்து இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தடவிக்கொண்டு போக வேண்டும், அதற்கு மேலும் ஒரு கை பசை போட வேண்டும். அந்த மேல் பூச்சில் சோம்பல்பட்டால் விடிவதற்குள் ஓரம் எழும்பிவிடும். எழும்பிய ஓரத்தைப் பார்த்தால் போகிறவன் வருகிறவன் எல்லோருக்கும் உரித்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும். வீட்டுக்கு வந்து சேரும்போது மணி மூன்று இருக்கும். பசை முழங்கை வரை வழிந்து காய்ந்து, கழுவும்போது முடியோடு பிய்த்துக்கொண்டு வரும். விருப்பப்பட்டு இதைச் செய்கிறோம் என்றா நினைக்கிறீர்கள்?

செல்போனிலும் செய்து பார்த்தாயிற்று. பணம் கட்டி விளம்பரம் போட்டோம். மூன்று நாள் கழித்துப் பார்த்தால், விரும்பியவர்கள் பட்டியல் முழுக்க எங்கள் நடிகர்கள், நடிகர்களின் மைத்துனர்கள், மற்ற நாடகக் குழுக்காரர்கள். ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது அந்த இயந்திரம். அரங்க வாசலில் டிக்கெட் கிழிக்கும்போது "எப்படித் தெரிந்து வந்தீர்கள்?" என்று கேட்பது என் வழக்கம். ஒருமுறை ஒரு காவலாளி, இரவுப் பணிச் சீருடையோடு, பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். "தினமும் எதிர்க் கம்பத்தில் இதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒன்பது நாளாக. கடைசியில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க வந்தேன்" என்றார். அவரை எந்தச் செல்போன் எங்களுக்குத் தேடித் தந்திருக்கும்? நாடகம் பிடித்ததா என்று கேட்டேன். நீளம் அதிகம் என்றார். அதுவும் சரிதான்.

நாங்கள் தப்பே செய்யாதவர்கள் என்று சொல்லவில்லை. வெகு காலத்துக்கு முன், இருட்டில் தெரியாமல், அன்றைக்குத்தான் வெள்ளையடித்திருந்த ஒரு வீட்டுச் சுற்றுச்சுவரில் வரிசையாக ஆறு ஒட்டிவிட்டோம். போஸ்டரில் இருந்த தொலைபேசி எண்ணைப் பார்த்து வீட்டுக்காரர் காலையில் கூப்பிட்டார். போய் நனைத்து நனைத்துச் சுரண்டினோம். தாளோடு புதுச் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. அவர் ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியைப் போட்டுக்கொண்டு முடியும் வரை உட்கார்ந்திருந்தார். அன்று பட்ட வெட்கம் போதும். அதன் பிறகு தனியார் சுவரை நாங்கள் தொட்டதில்லை. அப்படியானால் மிச்சமிருப்பது கம்பமும், கட்டுமானத் தகர அடைப்பும்தான். தகர அடைப்பில் இப்போது கட்டடக் கம்பெனியே தன் விளம்பரத்தை அச்சடித்து ஒட்டிக்கொள்கிறது. ஆக, கம்பம்.

கம்பத்துக்கும் அபராத நோட்டீஸ் வந்தது. அந்த நோட்டீஸை எங்கே வைத்தார்கள் தெரியுமா? எங்கள் ஒத்திகைக் கூடத்தின் கதவில், பசை போட்டு ஒட்டிவிட்டுப் போனார்கள்.

போஸ்டர் தொல்லை நேற்று முளைத்ததில்லை என்பது நீங்கள் அறியாததல்ல. பெர்லினில் கண்ட இடத்தில் போஸ்டர் ஒட்டுகிறார்கள் என்று புகார் கிளம்பியபோது எர்ன்ஸ்ட் லிட்ஃபாஸ் என்ற அச்சகக்காரர் 1855இல் தெருக்களில் உருண்டைத் தூண்களை நிறுத்தினார். இதில் ஒட்டுங்கள் என்றார்கள். (போலீஸுக்கும் அது வசதியாகப் போயிற்று, யார் என்ன ஒட்டுகிறார்கள் என்று கண்காணிக்கலாம். அந்தப் பக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை.) பாரிஸில் 1868 முதல் அதே போன்ற மோரிஸ் தூண்கள், நாடக விளம்பரத்துக்கென்றே. ஒட்டாதே என்று சொல்வதற்கு முன்னால், எங்கே ஒட்டுவது என்று அவர்களுக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறது. பிரான்ஸில் இன்றைக்கும் ஒவ்வோர் ஊராட்சியும் நகராட்சியும் பொதுமக்கள் கருத்துக்கும் லாப நோக்கில்லாத சங்கங்களுக்கும் கட்டணமில்லாமல் ஒட்டப் பலகை வைத்தாக வேண்டும், அது சட்டம். 2000 பேர்கூட இல்லாத சின்ன ஊரானாலும் குறைந்தது 4 சதுர மீட்டர். நம் கட்டுரையாளரின் சுத்தமான நகரத்தில் எத்தனை சதுர மீட்டர் என்று அவரைக் கேட்டுச் சொல்ல முடியுமா?

கனடாவில் பீட்டர்பரோ என்ற ஊரில், தன் இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு மின்கம்பத்தில் போஸ்டர் ஒட்டிய ஒருவர் மீது வழக்குப் போட்டார்கள். பொதுச் சொத்தில் எதையுமே ஒட்டக் கூடாது என்பது அந்த நகரத்தின் விதி. அவர் விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போனார். அந்த முழுத் தடை செல்லாது, அது கருத்துச் சொல்லும் உரிமையை மீறுகிறது என்று 1993இல் தீர்ப்பு வந்தது. அளவைக் கட்டுப்படுத்துங்கள், எந்தப் பசை என்று சொல்லுங்கள், இத்தனை நாளில் எடுத்துவிட வேண்டும் என்று விதியுங்கள், ஒரேயடியாக மூடாதீர்கள் என்கிற தோரணையில் அமைந்த தீர்ப்பு. அமெரிக்காவில் 1984இல், லாஸ் ஏஞ்சலஸ் வழக்கில், கம்பத்தில் ஒட்டத் தடை செல்லும் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் கட்டுரையாளர் பதில் எழுதினால் அதைத்தான் எடுத்துக் காட்டுவார். அவருக்கு வேலை மிச்சமாகட்டும் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

சாவோ பாவ்லோ நகரத்தில் 2007 முதல் வெளிப்புற விளம்பரம் மொத்தத்தையும் எடுக்கச் சொன்னார்கள். ராட்சதப் பலகைகளும் இறங்கின. அப்படி ஒரு சட்டம் இங்கே வந்தால் என் வாளியை நானே கவிழ்த்துவிடுகிறேன். முகப்பூச்சுப் பெண் மூன்று மாடி உயரத்தில் சிரித்துக்கொண்டிருக்க, எங்களை மட்டும் இறக்கினால் அதற்கு அழகு என்று பேர் வைக்காதீர்கள். வாடகை என்று சொல்லுங்கள், புரிந்துகொள்கிறோம்.

எழுத உட்கார்ந்ததும் பழையதெல்லாம் ஞாபகம் வருகிறது. மன்னிக்க வேண்டும். முன்பு உங்கள் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் 'இந்த வாரம்' என்று ஒரு பத்தி வரும். நாடகம், கச்சேரி, ஓவியக் கண்காட்சி, ஆளுக்கு இரண்டு வரி, கட்டணம் கிடையாது. அதில் ஒருமுறை எங்கள் நாடகத்தின் தேதியை ஒரு நாள் தள்ளிப் போட்டுவிட்டீர்கள். மறுநாள் பூட்டிய அரங்கத்தின் வாசலில் பதினோரு பேர் வந்து நின்றார்களாம், வாட்ச்மேன் சொன்னார். திருத்தம் கேட்டு எழுதினேன். திருத்தம் வரவில்லை, சில மாதத்தில் அந்தப் பத்தியே நின்றுபோனது. அந்த இடத்தில் இப்போது ராசிக்கல் விளம்பரம் வருகிறது. விமர்சனத்துக்கு என்று நீங்கள் அனுப்பிய நண்பர் இடைவேளையில் கிளம்பிவிட்டார். ஆனாலும் முடிவு பலவீனம் என்று எழுதினார்.

இன்னொன்றும் உண்டு. கம்பத்தில் ஒட்டுகிற எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. நிகழ்ச்சி முடிந்துபோன போஸ்டர் மேல் யாரும் ஒட்டலாம். நிகழ்ச்சி இனிமேல்தான் என்றால், அது எவ்வளவு கேவலமான பாட்டுக் குழுவாக இருந்தாலும் தொடக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன், எங்கள் நாடகத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, எங்கள் போஸ்டர்கள் மேல் வரிசையாகப் பளபளவென்று வேறு போஸ்டர் ஏறியிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். உங்கள் ஆண்டு மலர். ஓரம் சுத்தமாக இருந்தது, மேல் பூச்சு நன்றாகப் போட்டிருந்தார்கள். அதைப் பற்றி அன்றைக்கு நான் எழுதவில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த 'இந்த வாரம்' பத்தியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இரண்டு வரி போதும், தேதி சரியாக இருந்தால் நல்லது. நகராட்சி அதிகாரிகளோடு உங்களுக்குப் பேச்சுவார்த்தை உண்டு என்பதால், நூலக வாசலிலும் பேருந்து நிலையத்திலும் ஆளுக்கொரு பலகை வைக்க ஒரு வார்த்தை சொன்னால் கம்பங்களை விட்டுவிடுகிறோம்.

இந்த நாடகத்தின் போஸ்டர் எங்களிடம் ஒன்றுகூட மிச்சமில்லை. குழுவின் கோப்பில் வைத்துக்கொள்ள, அந்தப் புகைப்படத்தின் தெளிவான பிரதி ஒன்று இருந்தால் அனுப்பி வையுங்கள். முகப்பூச்சு விளம்பரத்தை வெட்டிவிட்டு அனுப்பினாலும் சரி.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
நாடகக் குழு ஒன்றின் நடிகனும் போஸ்டர் ஒட்டுபவனும்